பாதி வீரியம், முழுப் பாதுகாப்பு

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது; சக்கரத்தைக் கண்டுபிடித்தது; அப்புறம் வெகுகாலம் சும்மா இருந்துவிட்டு, தொழிற்சாலைப் பாதுகாப்புக் குழுவைக் கண்டுபிடித்தது. அந்த மூன்றாவது சாதனையின் சிகரம்தான் நமது பாதுகாப்பு அதிகாரி. தொழிலாளர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘ஹெல்மெட்’. முடி வெட்டிக்கொள்ளும்போது மட்டும்தான் அதைக் கழற்றுவார். அதுவும் சலூன்காரர் கெஞ்சினால்.

மேலாளர் அப்போதுதான் ஏதோ ஒரு பயிற்சி முகாமிலிருந்து, கண்ணில் பட்டதையெல்லாம் மாற்றியே தீருவது என்ற வெறியோடு திரும்பியிருந்தார். குழு கூடியது.

“நம்ம இரும்பு டேங்க்ல இருக்கிற கந்தக அமிலம் எவ்வளவு வீரியம்?”

“தொண்ணூத்தெட்டு சதவீதம் சார்” என்றார் ஹெல்மெட்.

“தொண்ணூத்தெட்டா! பரீட்சையில நானே அவ்வளவு வாங்கினதில்லையே! இனிமே பாதி வீரியத்துல வாங்கி ஊத்துங்க. வீரியம் பாதின்னா ஆபத்தும் பாதிதானே?”

கைதட்டல் மேஜைக் கண்ணாடியை அதிர வைத்தது. “மீதி வெறும் தண்ணிதான் சார். தண்ணி யாரையாவது கடிச்சிருக்கா?” என்று கொள்முதல் அதிகாரி விஞ்ஞானத்தை மேலும் ஒரு படி உயர்த்தினார்.

ஹெல்மெட் மட்டும் கைதட்டவில்லை. அவர் படித்தவர். அடர் அமிலம் இரும்பை முதலில் லேசாகக் கடிக்கும். அந்தக் கடியில் உண்டாகும் உப்பே பாலாடை போலப் படிந்து, இரும்பைக் காக்கும். தண்ணீர் கலந்தால் அந்த ஆடை கரைந்துவிடும். அப்புறம் அமிலம் டேங்கையே தின்னும். இதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். வாயைத் திறந்தார்.

“உதவிப் பொது மேலாளர் பதவிக்கு உங்க பேரைத்தான் சொல்லியிருக்கேன்” என்றார் மேலாளர். “ஏதோ சொல்ல வந்தீங்களே?”

“அபாரமான யோசனை சார்.”

ஆபத்தான எதையும் மூடியே வைக்க வேண்டும் என்பது பாதுகாப்பின் முதல் விதி. ஹெல்மெட் தன் வாயை மூடினார்.

அடர் அமிலம் வெளியேறியது, பாதி அமிலம் குடிபுகுந்தது. டேங்குக்கு ‘சாந்தம்’ என்று பெயர் எழுதி, ரிப்பன் வெட்டினார்கள். உள்ளேயிருந்து குபுகுபுவென்று சத்தம் வந்தது. “சந்தோஷத்துல பேசுது” என்றார் மேலாளர். எல்லாரும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு பிஸ்கட் தின்றார்கள்.

சாயங்காலம் ஹெல்மெட்டின் தங்கை போன் செய்தாள். அவள் கணவன் அந்த டேங்கடியில் ஃபிட்டர்.

“அண்ணா, டேங்க்கு உள்ள சோடா பாட்டில் மாதிரி சத்தம் கேக்குதாம். பயமா இருக்கு. ஒண்ணும் ஆகாதுல்ல?”

“சே சே! என்ன ஆகப்போகுது? நான் எதுக்கு இருக்கேன்?”

மறுநாளே மாப்பிள்ளையை ஆலையின் மறுகோடியிலிருந்த நூலகத்துக்கு மாற்றினார்.

“புத்தகத்துக்கு எதுக்கு மச்சான் ஃபிட்டர்?”

“அலமாரியில திருகாணி இருக்குல்ல மாப்பிள்ளை? கேள்வி கேக்காம போங்க.”

காலியான இடத்துக்கு ‘சிரிப்பு’ வந்தான். யார் திட்டினாலும் பல்லைக் காட்டுகிறவன். “டேங்க்கு ஏப்பம் விடுதுடா!” என்று அதற்கும் சிரித்தான்.

டேங்க் ஏப்பத்தோடு நிற்கவில்லை. ஒரு மத்தியானம் அதன் அடியில் வெல்டிங் விட்டுப்போனது. கீழே வால்வை இறுக்கிக்கொண்டிருந்த சிரிப்பின் கால்களில் ‘சாந்தம்’ கொட்டியது. குழாயடிக்கு இழுத்துப் போய்த் தண்ணீரைப் பீய்ச்சினார்கள். உயிர் தப்பியது. கால் இரண்டிலும் தோல் இல்லை.

விசாரணைக் குழு அல்லும் பகலும் உழைத்து, குற்றம் இரும்பினுடையது என்று கண்டறிந்தது. கூடவே ஒரு மாணிக்கத்தையும் கண்டெடுத்தது: விபத்துக்கு முன்பே ஒரு தொழிலாளியை அங்கிருந்து அகற்றிய ஹெல்மெட்டின் ‘தீர்க்க தரிசனம்’! பதவி உயர்வு, சால்வை, கேடயம், பாராட்டு விழா எல்லாம் முடிவாயின.

மேடையில், “காப்பாற்றப்பட்டவர் இரண்டு வார்த்தை பேசுவார்” என்றார் மேலாளர். மாப்பிள்ளை ஒலிபெருக்கியைப் பிடித்தார். ஆஸ்பத்திரியில் சிரிப்பைப் பார்த்துவிட்டு நேரே வந்திருந்தார். சட்டையில் மருந்து வாடை.

“மச்சானுக்கு முன்னாடியே எல்லாம் தெரிஞ்சிருக்கு. அதான் என்னைக் காப்பாத்தினாரு. ரொம்ப நன்றி மச்சான்.”

ஹெல்மெட் கூச்சத்தோடு கையெடுத்துக் கும்பிட்டார். கைதட்டல் ஓயும்வரை மாப்பிள்ளை காத்திருந்தார்.

“சிரிப்பு மேலயும் தப்பு இருக்குங்க. அவன் உங்க தங்கச்சியைக் கட்டியிருக்கணும்.”