நிச்சயதார்த்தத்தில் தானாக வந்த கரண்ட்

நிச்சயதார்த்தத்தன்று பெண்ணுக்குக் கொடுக்கப்படும் வேலை ஒன்றே ஒன்றுதான்: சும்மா உட்கார்ந்திருப்பது. எனக்குச் சுத்தமாக வராத வேலையும் அதுதான். பஸ் நிற்பதற்குள் இறங்கிவிடுவேன். குக்கர் விசில் அடங்குவதற்குள் வெயிட்டைத் தூக்கிவிடுவேன். ("உன்னைக் கட்டிக்கப் போறவன் பாவம்டி" என்பது அம்மாவின் தினசரி அர்ச்சனை.)

அப்போது நான் திருவண்ணாமலையில் ஒரு துணை மின்நிலையத்தில் உதவிப் பொறியாளராகப் புதிதாகச் சேர்ந்திருந்தேன். எங்கள் லைன் ஒன்றுக்குப் புது பிரேக்கர் வந்திருந்தது. கம்பியில் குரங்கு தாவினாலோ கிளை உரசினாலோ கரண்ட் கட்டாகிவிடும். முன்பெல்லாம் ஆள் பார்த்துத்தான் திரும்பப் போட வேண்டும். இந்தப் புது பிரேக்கர் ஒரு மூச்சு விடும் நேரம் பொறுத்து, தானே கரண்டைப் போட்டுப் பார்க்கும். குரங்கு போயிருந்தால் சரி. போகவில்லையென்றால் மறுபடி கட்டாகும். இந்தத் தடவை கொஞ்சம் அதிக நேரம் காத்திருந்து இன்னொரு முறை போடும். அதுவும் தோற்றால்தான் "ஆள் வந்து பாருங்கப்பா" என்று படுத்துவிடும்.

இதை என்னவோ நானே கண்டுபிடித்ததுபோல ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தேன். மாப்பிள்ளை முதன்முதலாகப் போன் செய்து, "சாப்டீங்களா?" என்றார். நான் அரை மணி நேரம் பிரேக்கரைப் பற்றிப் பேசினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப இன்னும் சாப்டலையா?" என்றார் அந்தப் புண்ணியவான்.

நிச்சயதார்த்தம் செங்கம் ரோட்டில், ஆசிரமத்துப் பக்கம் ஒரு சின்ன மண்டபத்தில். அந்தத் தெருவுக்குக் கரண்ட் வருவதும் அதே லைனில்தான். மாப்பிள்ளை வீட்டார் கீழ்பென்னாத்தூர்க்காரர்கள், மல்லாட்டை (வேர்க்கடலைதான்) விவசாயம். மாமனாராகப் போகிறவர் விடிந்ததும் விடியாததுமாக வந்து, வாசலில் பிளெக்ஸ் பேனர் ஒன்றை முன்நின்று கட்டவைத்திருக்கிறார். நடுவில் நானும் மாப்பிள்ளையும். சுற்றிலும் அவர்கள் வகையறா மொத்தமும், மாப்பிள்ளை உட்பட கூலிங் கிளாஸோடு. இரும்பு பைப்பில் சட்டம். சவுக்குக் கம்பு நட்டு, மின்கம்பிக்குக் கொஞ்சம் கீழே வரை ஏற்றியிருந்தார்கள். உள்ளே தலையில் பூ குத்திக்கொண்டிருந்த எனக்கு இதெல்லாம் தெரியாது.

ஐயர் லக்னப் பத்திரிகை வாசிக்க ஆரம்பித்தார். காற்று ஒரு வீசு வீசியது. கரண்ட் போனது.

"என்னாங்க இது, நல்ல காரியத்துல..." என்று மாமியாராகப் போகிறவர் முகம் வாடினார்.

விடுவேனா நான்? குனிந்த தலையை நிமிர்த்தி, "கவலப்படாதீங்க அத்தை, தானா வந்துடும்" என்றேன். அம்மா தொடையில் கிள்ளினாள். அதற்குள் கரண்ட் வந்தேவிட்டது. ஆகா, சபையைப் பெருமையாக ஒரு பார்வை பார்த்தேன் பாருங்கள்!

அந்தப் பெருமை கண் மூடித் திறக்கும் நேரம்கூட நிலைக்கவில்லை. வாசல் பக்கம் 'டப்'பென்று ஒரு சத்தம். மறுபடி இருட்டு.

"பேனரு கம்பி மேல சாஞ்சிக்கிச்சு!" என்று வெளியிலிருந்து யாரோ கத்தினார்கள்.

"அதான் கரண்டு போயிடுச்சே, நான் போயி நிமுத்திட்டு வந்துடறேன்" என்று வாசலை நோக்கி நடந்துகொண்டிருந்தார் மாமனார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அவர் நிலத்தில் கரண்ட் போனால் போனதுதான், சாயங்காலம் வரை எட்டிப் பார்க்காது. அந்தத் தைரியத்தில் மோட்டார் பெட்டியைத் திறந்து கையை விட்டுப் பழகிய மனுஷன்.

பிரேக்கர் இன்னொரு முறை போடும். எந்த நொடியிலும் போடும்.

எழுந்தேன். "எங்கடி போற? தட்டு மாத்தற வரைக்கும் எழுந்திரிக்கக் கூடாதுடி!" என்று அம்மா முந்தானையைப் பிடித்தாள். உருவிக்கொண்டு ஓடினேன். பழத்தட்டு ஒன்று கவிழ்ந்து, சாத்துக்குடிகள் என்னோடு கூடவே ஓடிவந்தன.

வாசலில் மாமனார் ஸ்டூல் மேல் ஏறி நின்றிருந்தார். கை இரும்பு பைப்பை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

"மாமா, தொடாதீங்க! கரண்ட் வரும்!"

"போயிடுச்சும்மா" என்று திரும்பிப் பார்த்துச் சிரித்தார். கை மட்டும் நிற்கவில்லை.

தோளைப் பிடித்து இழுக்கலாம் என்றால் எட்டவில்லை. கைக்கு அகப்பட்டது பட்டு வேட்டி. இரண்டு கையாலும் பிடித்து, என் உயிரைக் கொடுத்து இழுத்தேன். முதலில் வேட்டி வந்தது, பின்னாலேயே மாமனாரும் வந்தார். ஸ்டூல் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கமாகத் தெருவில் உருண்டோம்.

அதே நேரம் மேலே 'டமார்' என்றது. தீப்பொறி கொட்டியது. பேனர் பற்றிக்கொண்டு, அதிலிருந்த என் முகம் பாதி கருகிச் சுருண்டது. (மாப்பிள்ளையின் கூலிங் கிளாஸுக்கு ஒரு கீறல்கூட இல்லை.) அதோடு பிரேக்கர் படுத்துவிட்டது.

தெருவே கூடிவிட்டது. மண்ணில் உட்கார்ந்திருக்கும் மணப்பெண், அவள் கையில் பட்டு வேட்டி. எதிரே பட்டாபட்டி டிராயரோடு மாமனார். ஆசிரமத்துக்கு வந்து எதிர்க் காபிக் கடையில் உட்கார்ந்திருந்த ஒரு வெள்ளைக்காரர், இது நம்ம சம்பிரதாயம் என்று நினைத்தாரோ என்னவோ, பயபக்தியோடு எழுந்து கைகூப்பினார்.

அந்த நேரத்தில் நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். பயத்தில் அதை விட்டுவிட்டு, "எந்த அறிவுகெட்டவன் இத கம்பிக்குக் கீழ கட்டச் சொன்னது?" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

மாமனார் மெல்ல எழுந்து, மண்ணைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "நான்தாம்மா."

முடிந்தது கல்யாணம் என்று நினைத்துக்கொண்டேன். ஓவென்று அழுகை வந்தது. அழுதுகொண்டே மின்நிலையத்துக்குப் போன் போட்டு, பேனரை எடுக்கிற வரை லைனைப் போடவே கூடாது என்றேன். "மேடம், இன்னைக்கு உங்களுக்கு நிச்சயதார்த்தமாச்சே?" என்றார் ஆப்பரேட்டர். "அதான் நடந்துகிட்டிருக்கு" என்று போனை வைத்தேன்.

மாமியார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். எரிந்துகொண்டிருந்த பேனரை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். புருஷனைப் பார்த்தார். என் கையிலிருந்த வேட்டியை வாங்கி அவரிடம் நீட்டி, "மொதல்ல கட்டுங்க" என்றார். பிறகு என் கையைப் பிடித்துத் தூக்கினார். "வாம்மா, நேரமாவுது. தட்டு மாத்தணும்" என்றார். குத்துவிளக்கு வெளிச்சத்திலேயே எல்லாம் நடந்து முடிந்தது.

இப்போது எனக்கு இரண்டு பிள்ளைகள். அன்றைக்குப் பிறகு மாமனார் இடுப்பில் தானே ஒட்டிக்கொள்ளும் 'ஒட்டிக்கோ' வேட்டி தவிர வேறு கட்டுவதில்லை. வீட்டில் எந்த விசேஷம் வந்தாலும் இந்தக் கதை இல்லாமல் பந்தி போடமாட்டார்கள். போன மாதம் ஒரு வளைகாப்பில் தூரத்துச் சொந்தக்காரி ஒருத்தி கதையைக் கேட்டுவிட்டு, "என்னா இருந்தாலும் பெரியவரு வேட்டியப் போயி உருவலாமா?" என்று மோவாயில் கைவைத்தாள்.

"அன்னிக்கு அவ உருவலன்னா, இன்னிக்கு நான் பூ வச்சிக்கினு இங்க உக்காந்திருப்பனாடி?" என்றார் மாமியார்.

மாமனார் இடுப்பை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு குரல் கொடுத்தார்:

"சரி சரி, அதுக்காக இன்னொருவாட்டி காப்பாத்திடப் போறா. கொஞ்சம் தள்ளி உக்காரச் சொல்லு!"