எம்.எஸ்.டபிள்யூ. தலைச்சாய்வு

எம்.எஸ்.டபிள்யூ., அதாவது சமூகப்பணி முதுகலை, படிப்பவர்கள் என்றொரு இனம் உண்டு. பார்த்ததே இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். தோளில் ஜோல்னாப் பை, பருத்திக் குர்தா, யார் எதைச் சொன்னாலும் ஒருபக்கமாகச் சாய்ந்து "ம்ம்… புரியுது" என்கிற தலை. படிப்பு இரண்டு வருடம். தலை சாய்வதற்கு முதல் வாரமே போதும்.

எங்கள் வியாசர்பாடிக் குடியிருப்பில் இந்த இனத்தின் ஒரே பிரதிநிதி சங்கமித்ரா. "அறிவுரை சொல்லாதே, காது கொடு" என்று கல்லூரியில் சொல்லிக்கொடுத்தாலும் கொடுத்தார்கள், அம்மா ரமாபாய் கேஸ் தீர்ந்துவிட்டது என்றால்கூட, "தீர்ந்தப்போ உங்க மனசுல என்ன தோணுச்சும்மா?" என்கிறாள். சிலிண்டர் மட்டும் புக் செய்வதில்லை. கேட்கிற எனக்கே பற்றிக்கொண்டு வரும், பெற்றவளுக்கு வராதா?

போன கோடையில் ஒரு மாலை. தண்ணீர் லாரி ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும். தவறவிட்டால் சமையலும் இல்லை, குளியலும் இல்லை. "நான் வேலைக்குப் போயிட்டு வர்ச்சொல்ல லேட்டாவும். நம்ம கொடம் வரிசைல கீது, பாத்துக்கோடி" என்று சொல்லிவிட்டுப் போனாள் ரமாபாய்.

வரிசையில் எங்கள் பிளாக் பெர்சிஸுக்கும் ஜெரினாவுக்கும் வழக்கமான சண்டை.

"இன்னாமே, எங்கொடத்த நவுத்திகினே போற?"

"தோடா! உங்கொடத்துக்குக் கால் மொளச்சா நா இன்னா பண்றது?"

இந்தச் சண்டை நடக்கிறவரை யாரும் வரிசையை விட்டு அசைய மாட்டார்கள். அதுதான் எங்கள் குடங்களுக்குக் காவல். இதையெல்லாம் எந்த செமஸ்டரில் சொல்லித் தருகிறார்கள்? சங்கமித்ராவின் கண்ணில் விளக்கு எரிந்தது. "எல்லாரும் அந்த மரத்தடியில வட்டமா உக்காரலாமா?" படிக்கிற பெண் ஆசைப்படுகிறது என்று உட்கார்ந்தோம். கண்ணை மூடச் சொன்னாள், மூச்சை இழுக்கச் சொன்னாள், பெர்சிஸ் கையை ஜெரினாவைப் பிடிக்கச் சொன்னாள். எங்கோ ஹாரன் கேட்டது. துறைமுகத்துக்குப் போகிற ட்ரெய்லர் என்று நினைத்து இன்னொரு மூச்சும் இழுத்தோம். கண்ணைத் திறந்தால், பக்கத்து பிளாக்காரர்கள் கடைசிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். லாரி முனையைத் திரும்பிவிட்டது.

வேலை முடிந்து வந்த ரமாபாய் காலிக் குடங்களைப் பார்த்தபடி நின்றாள். பாவம், முகம் கழுவக்கூட வழியில்லை. சங்கமித்ரா தலையைச் சாய்த்தாள்.

"உங்க கோபம் எனக்குப் புரியுதும்மா…"

"புர்ஞ்சா கொடத்தத் தூக்குடி! மெயின் ரோட்டு பம்புக்குப் போ!"

போனாள். தோளில் நிறைகுடம் ஏறியதும் தலை தானாகச் சாய்ந்தது. அந்தச் சாய்வால் ஒரு வீட்டுக்குத் தண்ணீர் வந்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் கல்லூரியில், "சண்டை போட்ட ரெண்டு தரப்பும் ஒண்ணு சேர்ந்துட்டாங்க" என்றாளாம். பொய்யில்லை. அவளைத் திட்டச் சேர்ந்தார்கள்.

நன்றாகச் சிரித்தீர்கள். ரமாபாயின் காலிக் குடத்துக்கு ஓர் "அய்யோ பாவம்" போட்டுவிட்டு அடுத்த பக்கம் போகத்தானே பார்க்கிறீர்கள்? கொஞ்சம் அசையாமல் இருங்கள். உங்கள் தலை இப்போது எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது?