சட்டைக் கைக்குள் ஒரு கயிறு

வெள்ளிக்கிழமை காலை ஆறு ஐம்பது. திண்டிவனத்தில் டீக்கடைகூட முழுதாக விழிக்கவில்லை. பீட் சாமியின் வாசலில் இருநூறு பேர்.

கேள்வி நாட்டுக்கு முக்கியமானது. எம்சி குண்டூசியும் லோக்கல் லாந்தரும் பொங்கலுக்குள் சேர்ந்து ஆல்பம் போடுவார்களா, மாட்டார்களா? பாட்டிலேயே ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருந்த இரண்டு ராப் பாடகர்கள் ஒரே மேஜையில் பிரியாணி சாப்பிட்ட போட்டோ வெளிவந்தது. அன்றிலிருந்து ஒரு மாதமாக விழுப்புரம் வரைக்கும் பந்தயம்.

பீட் சாமி போன வருஷம் வரை மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விலைக்குக் குறி சொன்னவர். விலை செல்போனிலேயே வர ஆரம்பித்ததும் தொழில் படுத்துவிட்டது. இப்போது காதில் ஹெட்போன். கண்ணை மூடினால் இன்னும் பதிவாகாத பாட்டு அவருக்குக் கேட்கும். கேட்டதும் வந்தவரின் புஜத்தில், சட்டைக் கைக்குள் மறையும்படி, கயிறு கட்டுவார். சிவப்பு என்றால் ஆல்பம் வரும். கறுப்பு என்றால் வராது. கட்டணம் ஐநூற்றொன்று. ஜெயித்தால் பத்தில் ஒரு பங்கு. கயிற்றை யாருக்கும் காட்டக் கூடாது. காட்டினால் பலிக்காது. வெள்ளிதோறும் வந்து சக்தி ஏற்றிக்கொள்ள வேண்டும். கயிற்றுக்கும் ரீசார்ஜ்.

மயிலத்து வல்லரசும் கயிறு கட்டியிருந்தான். மனைவி சித்ராவின் ஸ்கூட்டியை விற்றுப் பந்தயத்தில் போட ஏற்பாடு. வாங்கும் ஆள் வெள்ளிக்கிழமை மதியம் வருவான்.

"வண்டி போச்சுன்னா நான் வேலைக்கு எதுல போறது?"

"பொங்கலுக்கு ரெண்டு வண்டியா வாங்கித் தர்றேன். சாமி காதால கேட்டுட்டாரு."

"என்னா கேட்டாராம்?"

"சொல்லக் கூடாது சித்ரா. பலிக்காது."

சித்ரா திண்டிவனத்தில் ஒரு கிளினிக்கில் நர்ஸ். பிரஷர் பார்க்கச் சட்டைக் கையைத் தூக்க வேண்டும். அந்த வாரம் அவள் தூக்கிய சட்டைகளுக்குள் ஒருவர் கையில் சிவப்பு, அடுத்தவர் கையில் கறுப்பு. வெள்ளிக்கிழமை பிரஷர் மிஷினோடு புருஷன் பின்னாலேயே வந்தாள்.

"பிரஷர் செக்கப்! ஃப்ரீ!"

ரகசியம் பெரிதுதான். இலவசம் அதைவிடப் பெரிது. வரிசை முழுக்கச் சட்டைக் கைகள் ஏறின.

"இறக்காதீங்க. ரெண்டு தடவை பாக்கணும்."

பெருமுக்கலிலிருந்து ஒரே பைக்கில் வந்த பச்சைமுத்துவும் பூவரசனும் ஒருவர் கையை ஒருவர் பார்த்தார்கள்.

"யோவ் மச்சான், உனுக்குக் கறுப்பா?"

"உனுக்குச் செவப்பா? ஒண்ணா குந்திக்கினு தானேய்யா கேட்டோம்!"

வரிசை திரும்பிப் பார்த்தது. பாதி சிவப்பு. பாதி கறுப்பு.

"ஆல்பம் வந்தா செவப்பு ஜெயிக்கும். வரலைன்னா கறுப்பு ஜெயிக்கும்," என்றாள் சித்ரா. "ரெண்டுலயும் சாமிக்குப் பங்கு. தோத்தவன் வந்து கேட்டா, நீ யாருக்கோ காட்டிட்டேன்னு சொல்லி அனுப்பிடுவாரு."

சாமி எழுந்தார். "பாத்தீங்களா, காட்டிட்டீங்க! இனிமே பலிக்காது. நான் என்னா பண்ணுவேன்?"

அவள் சொன்னதை அவரே சொல்லிவிட்டார். எழுந்த வேகத்தில் ஹெட்போன் ஒயரின் நுனி வேட்டி மடிப்பிலிருந்து வெளியே விழுந்தது. அது எதிலும் சொருகியிருக்கவில்லை. பூவரசன் சாமியின் துண்டைப் பிடித்துக்கொண்டான்.

வல்லரசு பையிலிருந்து ஸ்கூட்டி சாவியை எடுத்துச் சித்ராவின் கையில் வைத்தான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

பச்சைமுத்துவுக்கு மட்டும் ஒரு சந்தேகம். "அப்ப எந்தக் கயிறும்மா நெஜம்? செவப்பா, கறுப்பா?"

சித்ரா மிஷினைச் சுருட்டிப் பையில் வைத்தாள்.

"சட்டைக் கையைத் தூக்க ஒரு நிமிஷம்கூட ஆவலைங்க. ஒரு மாசமா ஒருத்தரும் ஏன் தூக்கிப் பாக்கல?"