காற்றாலை எதிர்ப்புக் குழு

“நம்ம கடலுக்குள்ள காத்தாலை நட்டு வைக்கப் போறாங்களாம். வீடு உன் பேர்ல இருக்கு. ஆட்சேபணை மனுவுல நீதான் நேர்ல வந்து கையெழுத்துப் போடணும்,” என்றார் அய்யாதுரை, போனில் மனைவியிடம்.

மகள் பிரசவத்துக்காக டென்மார்க் போன தங்கபுஷ்பம், பேரனுக்குப் பல் முளைத்த பிறகும் ஊர் திரும்பவில்லை. ‘வா’ என்றால் முடிந்துபோகும் காரியம். ஆனால் தி. நகரில் மூன்று தலைமுறையாக ஜவுளிக்கடை நடத்தும் குடும்பம் அய்யாதுரையுடையது. அந்தக் குடும்பத்து ஆண்கள் மனைவியை வருந்தி அழைத்ததாகச் சரித்திரம் இல்லை.

“அதுக்கு நான் எதுக்குங்க? பேப்பரை மாப்பிள்ளைக்கு அனுப்புங்க, போட்டுத் தரேன்.”

வேறு வழியில்லாமல் அய்யாதுரை தம் பெசன்ட் நகர் அடுக்ககத்தில் எதிர்ப்புக் குழு தொடங்கி, அதற்குத் தலைவரும் ஆகி, மறுபடி மனைவிக்குப் போன் போட்டார்.

“தலைவர் வீட்டம்மா கூட்டத்துல இல்லேன்னா நாலு பேர் என்ன பேசுவாங்க?”

“தலைவர் ஆயிட்டீங்களா? நல்லதாப் போச்சு. உங்களுக்கும் பொழுது போயிடும். நான் இன்னும் ஆறு மாசம் இருந்துட்டு வரேன்.”

அன்று சாயங்காலம் பால்கனியில் ஒற்றை ஆளாய் உட்கார்ந்தார். எதிரே இருந்த கடல், யாரோ வீட்டுக் கடல் போல இருந்தது.

கூட்டத்தில் மூன்றாம் மாடி ஜுவேரியா கேட்டாள். “கடல்ல காத்தாலை நின்னா எப்படி இருக்கும்னு நம்மள்ல யாராச்சும் பார்த்திருக்கோமா, அங்கிள்?”

அய்யாதுரை உடனே மருமகன் சுரேஷ்குமாருக்குப் போன் போட்டார். “மாப்பிள்ளை, உங்க ஊர் கடல்ல நிக்குதே, அதை எவ்வளவு அசிங்கமா முடியுமோ அவ்வளவு அசிங்கமா ஒரு படம் எடுத்து அனுப்புங்க.”

படம் வந்தது. டிவியில் போட்டுக் காட்டினார். அந்தி வெளிச்சத்தில் அடிவானம் நெடுக வெள்ளை வெள்ளையாய்க் காற்றாலைகள். கூட்டம் நாற்காலியை டிவி பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டது.

“எதிர் பில்டிங்ல காயற போர்வையைப் பார்க்கிறதுக்கு இது எவ்வளவோ மேல்,” என்றாள் ஜுவேரியா.

“சூப்பரா கீது சார். நம்மாண்ட எப்போ வெப்பாங்க?” என்றார் வாட்ச்மேன்.

ஆட்சேபணை மனு வரவேற்புத் தீர்மானமாக மாறியது. தலைவர் என்ற முறையில் அய்யாதுரையே முதல் கையெழுத்தைப் போட்டார்.

வீட்டுக்கு வந்ததும் போனை எடுத்தார். “அசிங்கமா எடுக்கச் சொன்னா, கல்யாண ஆல்பம் மாதிரி எடுத்து அனுப்பி என் மானத்தை வாங்கிட்டீங்களே, மாப்பிள்ளை?”

மருமகன் குரலைத் தாழ்த்தினார்.

“நான் எடுக்கலை மாமா, அத்தை எடுத்தது. தினம் சாயங்காலம் ஜன்னலை விட்டு நகர மாட்டேங்கிறாங்க. அதுல ஒண்ணு மட்டும் சுத்தாம விறைப்பா நிக்குதா… அதை ‘அய்யாதுரை, அய்யாதுரை’ன்னு பேர் சொல்லிக் கூப்பிட்டு, ‘வாயைத் திறந்து ஒரு தடவை வான்னு சொன்னா என்ன’ன்னு கேட்டுக்கிட்டிருக்காங்க.”