சிவப்புத் துணியும் கிராஃபிக்ஸ் கார்டும்

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளைக்கு,

உங்கள் மாமனார் எழுதுவது. இங்கே நான் நலம், உங்கள் அத்தை நலம், கம்ப்யூட்டரும் ஒருவழியாக நலம். அங்கே நீங்களும் என் மகளும் அப்படியே இருக்க வேண்டும். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் ஒரு வார்த்தை பேசுவதற்குள் உங்கள் அத்தை பின்னாலிருந்து ஒன்பது வார்த்தை பேசிவிடுவாள். அதனால்தான் கடிதம்.

கம்ப்யூட்டரில் படம் நன்றாக ஓட நீங்கள் அனுப்பிய கிராஃபிக்ஸ் கார்டு பத்திரமாக வந்து சேர்ந்தது. எனக்கு அது எதற்கு என்று உங்களுக்குத் தெரியும். ரயில்வே சர்வீஸ் முழுக்க நான் ஓட்டியது சரக்கு வண்டிதான். கரி, சிமென்ட், இரும்பு. பயணிகள் வண்டி வந்தால் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டே காலம் போய்விட்டது. மனுஷரை ஏற்றிக்கொண்டு போய் ஊர் சேர்க்க வேண்டும் என்கிற ஆசை மட்டும் என்னோடு ரிட்டயர் ஆகவில்லை. அதையாவது இந்தக் கம்ப்யூட்டர் ரயில் விளையாட்டில் தீர்த்துக்கொள்ளலாம் என்று பார்த்தால், ஒவ்வொரு முறையும் கடைசி ஸ்டேஷனுக்கு முந்தைய பாலத்தில் ஏறியதும் படம் விக்கி விக்கி, கம்ப்யூட்டரே அணைந்துவிடும். உங்கள் அத்தை எனக்குப் பின்னால் நாற்காலியில், மடியில் கைப்பையோடு, பயணியாக உட்கார்ந்திருப்பாள். "இன்னிக்கும் ஆத்து நடுவுலதான் இறக்கி விடறீங்களா?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். சிரித்துக்கொண்டுதான் கேட்பாள். ஆனாலும் எனக்குச் சுருக்கென்று இருக்கும்.

"கம்ப்யூட்டர் கடைக்காரரைக் கூப்பிட்டு மாட்டிக்கோங்க மாமா" என்றீர்கள். இஞ்சினையே பிரித்துப் பார்த்தவன் இந்தத் தகரப் பெட்டிக்கா பயப்படுவேன்? முறைப்படி ஆரம்பித்தேன். சுவர் சுவிட்சை அணைத்து அதில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டினேன். எங்கள் இஞ்சின் ஷெட்டில் இது சட்டம். கட்டினவன்தான் அவிழ்க்க வேண்டும், வேறு ஆள் அந்தப் பக்கம் கை நீட்டக் கூடாது. உங்கள் அத்தையிடமும் கறாராகச் சொல்லி வைத்தேன். பெட்டியைத் திறந்தால், ஐயையோ, தலையணைக்கு அடைக்கிற அளவு தூசி! அதைப் பெயின்ட் பிரஷ்ஷால் தட்டப் போய், நான் தும்மிய தும்மலில் ஒரு ஸ்க்ரூ பறந்து, அதைத் தேடிக் கட்டிலுக்கு அடியில் நுழைந்தவன் போன வருஷம் காணாமல் போன மூக்குக்கண்ணாடியோடு வெளியே வந்தேன். ஸ்க்ரூ இன்னும் வரவில்லை. கார்டைச் செருகிப் பொத்தானை அழுத்தினேன். மூச்சு பேச்சு இல்லை. கழற்றி மாட்டினேன். ம்ஹும். கடைசியில் வெட்கத்தை விட்டுக் கடைக்காரருக்கே போன் போட்டேன்.

"கார்டுக்குத் தனியா ஒரு பவர் வயர் வரும், மாட்டினீங்களா சார்?"

"மாட்டிட்டேன்."

"டக்குனு சத்தம் கேக்கற வரைக்கும் அமுக்கினீங்களா?"

"விரலே பழுத்துப் போச்சுப்பா."

"அப்போ கார்டைக் கழட்டிடுங்க. மானிட்டர் வயரைப் பழைய இடத்துலயே சொருகிப் பாருங்க."

அதையும் செய்தேன். கம்ப்யூட்டர் கல்லு மாதிரி கிடந்தது. அப்போதுதான் அவர் ரொம்பத் தயங்கி, "சார், சுவத்துல கரண்ட் வருதா?" என்றார். திரும்பிப் பார்த்தால் சிவப்புத் துணி. அதற்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து உங்கள் அத்தை வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறாள்.

"ஏம்மா, உனக்குத் தெரியும்தானே? சொல்லக் கூடாதா?"

"நீங்க கட்டின துணி. அவுக்கற அதிகாரம் எனக்கு ஏதுங்க?"

போனில் கடைக்காரருக்குத் திடீரென்று இருமல் வந்தது. நானும் அதை இருமல் என்றே எடுத்துக்கொண்டேன். துணியை அவிழ்த்தேன், படம் வந்தது. மறுபடி அணைத்து, துணி கட்டி, கார்டை உள்ளே வைத்து, துணி அவிழ்த்தேன். கார்டின் விசிறி ஜம்மென்று சுற்றியது, படமும் வந்தது. போதுமடா சாமி என்று மூடியைப் போட்டு மூடிவிட்டேன்.

பிறகு வண்டியை எடுத்தேன் மாப்பிள்ளை. ஓடும் வண்டியில் பயணி டிரைவரிடம் பேசக் கூடாது என்று உங்கள் அத்தைக்கு உத்தரவு போட்டுவிட்டேன். அவளும் வாயைத் திறக்கவில்லை. பாதி வழியில் எதிரே ஒரு சரக்கு வண்டி வந்தது. பழக்கதோஷம், கை தானாகப் பிரேக்கைப் பிடித்துவிட்டது. இவ்வளவு பெரிய எக்ஸ்பிரஸை ஓரங்கட்டி அதற்கு வழிவிட்டேன். போகட்டும், பாவம், அந்த டிரைவருக்கும் வீடு வாசல் இருக்கும். அப்புறம் பாலம் வந்தது. படம் விக்கவில்லை, அணையவில்லை. வண்டி பாலத்தைத் தாண்டி, ஸ்டேஷனுக்குள் நுழைந்து, பிளாட்பாரத்தில் நின்றது. உங்கள் அத்தை நாற்காலியிலிருந்து எழுந்து, கைப்பையைத் தோளில் மாட்டி, "நல்லபடியா கொண்டாந்து சேத்துட்டீங்க" என்றாள். என் சர்வீஸில் எந்தச் சிமென்ட் மூட்டையும் எனக்கு இதைச் சொன்னதில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வெங்காயம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

இதெல்லாம் நீங்கள் அனுப்பிய கார்டின் மகிமை. என்ன தெளிவு, என்ன வேகம்! மரத்துக்கு மரம் இலை தெரிகிறது. அதைச் செய்தவன் கைக்குத் தங்கக் காப்பு போடலாம். இப்படி ஒரு மாப்பிள்ளை கிடைக்க நான் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

என் மகளுக்கு என் அன்பு. நீங்கள் போகிற வழியெல்லாம் பச்சை விளக்காகவே எரியட்டும் என்று வாழ்த்தும்,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் இதையும் எழுதிவிடுகிறேன். உங்கள் அத்தை இப்போது மேஜைக்குப் பின்னால் பெருக்கப் போனவள், "இந்த மானிட்டர் வயர் இன்னும் பழைய இடத்துலயேதான் இருக்கு" என்கிறாள். கடைக்காரரைக் கேட்டேன். படம் கார்டிலிருந்து வர வேண்டுமானால் வயரைக் கார்டில்தான் சொருக வேண்டுமாம். பழைய கோளாறு தூசி அடைத்து வந்த சூடுதானாம். ஆகவே உங்கள் கார்டு வழி முழுக்க விசிறியைச் சுற்றிக்கொண்டு சும்மா உட்கார்ந்து வந்திருக்கிறது. மேலே கார்டைப் பற்றி எழுதிய புகழை எல்லாம் பெயின்ட் பிரஷ்ஷைப் பற்றி என்று மாற்றிப் படித்துக்கொள்ளவும். "வண்டி எடுக்கும்போதே பாத்தேன், பயணி பேசக் கூடாதுன்னுட்டீங்களே" என்கிறாள். இன்று முதல் அவளுக்குப் பேச அனுமதி கொடுத்துவிட்டேன். பேச ஆரம்பித்துவிட்டாள். இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.