செத்த செடியில் கிழங்கு விளையாது

அரசாங்கத்துக்குப் பணமுடை வந்துவிட்டது. முடை வந்தால் சிக்கனம் பிடிக்க வேண்டும்; ஆனால் எதில் பிடிப்பது? அமைச்சரகத்துக்குப் பளிங்குத் தரை பாதி போட்டாகிவிட்டது. மீதிப் பாதியில் மந்திரி வெறுந்தரையிலா நடப்பார்? கார்களை விற்கலாமென்றால், அதைப் பற்றிப் பேச அதிகாரிகள் காரில்தான் வந்து கூட வேண்டியிருந்தது. ஆகவே நாட்டு நலனை முன்னிட்டு, பல்கலைக்கழகத்தில் கை வைப்பதென ஏகமனதாக முடிவாயிற்று.

கை வைக்க வந்தவர் நிதித்துறைத் துணைச் செயலாளர். கத்திரி என்றால்தான் ஊருக்குத் தெரியும். அவர் முதலில் போய் இறங்கியது பயிர்நோய்த் துறையில். அந்த வருஷம் உருளைக்கிழங்குச் செடிகளில் கரும்புள்ளி நோய் பரவிக்கொண்டிருந்தது. துறைத் தலைவியான பேராசிரியை அதற்கு மருந்து தேடி ராப்பகலாக உழைத்துக்கொண்டிருந்தார். துறையை மூடினால் மருந்து போச்சு. மருந்து போனால் கிழங்கு போச்சு.

கத்திரி வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். பேராசிரியை ஓர் இலையைத் தூக்கிக் காட்டி, "இது ஏன் ஓரத்துல மட்டும் கருகியிருக்கு? சொல்லுங்க பாப்போம்" என்றார்.

அதிகாரி எழுந்துவிட்டார். "ஏம்மா, இத்தனை வருஷமா சம்பளம் வாங்குறீங்க, அது உங்களுக்கே தெரியாதா?"

"தெரியும் சார்."

"தெரிஞ்சா ஏன் பசங்ககிட்ட கேக்குறீங்க?"

"அவங்க யோசிக்கணும்னுதான்."

"யோசிக்கிறது அவங்க, சம்பளம் உங்களுக்கா? சரி, இந்த நோய்க்கு மருந்து எப்ப கிடைக்கும்?"

"தெரியல சார். தெரியாததாலதான் தேடுறோம்."

"தெரியாததுக்குப் போய் யாராவது பணம் குடுப்பாங்களா?"

மறுவாரமே சுற்றறிக்கை வந்தது. முடிவு முன்கூட்டியே தெரிந்த ஆய்வுகளுக்கு மட்டுமே இனி நிதி. அனுமதிக்கப்பட்ட முடிவிலிருந்து இம்மி பிசகினாலும் துறை மூடப்படும்.

மற்ற துறைக்காரர்கள் பிழைக்கத் தெரிந்தவர்கள். மேலே எறிந்த கல் கீழே விழும் என்று இயற்பியல் எழுதிக் கொடுத்தது. போன வருஷம் போய்விட்டது என்றது வரலாறு. இரண்டும் இரண்டும் நாலு என்ற கணிதத் துறையின் திட்டத்தில், முதல் கட்டமாக ஓர் இரண்டுக்கு நிதி கிடைத்தது. எல்லா ஆய்வும் நூற்றுக்கு நூறு வெற்றி என்று பத்திரிகைகள் கொண்டாடின. வரிப்பணம் வீண்போகவில்லை என்று நாங்களும் பூரித்துப்போனோம். 'எங்கள் ஆசிரியர்கள் கேள்வியே கேட்பதில்லை' என்று பலகை மாட்டிய தனியார் பள்ளிகளில் இடம் கிடைக்காமல் பெற்றோர் அடித்துக்கொண்டார்கள்.

"மேடம், ஊரோட ஒத்துப் போயிடலாம்" என்றார் பேராசிரியையின் உதவியாளர். "ஏதாவது ஒண்ணு எழுதிக் குடுங்க. பணம் வரட்டும். உள்ள நம்ம வேலைய நாம பாப்போம்."

பேராசிரியை பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினார்: 'செத்த செடியில் கிழங்கு விளையாது.' கத்திரி அதைப் படித்து உருகியே போனார். பணமும் வந்தது.

அந்தப் பணத்தில்தான் மருந்து கண்டுபிடிக்கப்பட்டது. துறையின் சோதனை வயலில் கருகி நின்ற செடிகள் துளிர்த்தன. தோண்டினால் குண்டு குண்டாகக் கிழங்கு. அந்த அம்மாள் வரப்பிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டாராம். அழட்டுமே, அத்தனை பாடு பட்டவர்.

கத்திரி ஆய்வு முடிவைப் பார்க்க வந்தார். "என்னம்மா இது, செடியெல்லாம் உசுரோட இருக்கு?"

"மருந்து கண்டுபிடிச்சாச்சு சார்!"

"அது கிடக்கட்டும். செத்த செடி எங்க?"

"சாகல சார், பொழச்சிடுச்சு."

"அப்ப ஆய்வு தோத்துப்போச்சுன்னு சொல்லுங்க."

"சார், நாடு பூரா கிழங்கு அழிஞ்சிட்டிருக்கு. இந்த மருந்த அடிச்சா..."

"நீங்க அனுமதி வாங்கினது சாகுற செடிக்கு. பொழைக்கிற செடிக்கு அனுமதி கேக்கவே இல்லையே?"

"இப்பக் கேக்குறேன், குடுங்க! முடிவுதான் தெரிஞ்சுபோச்சே!"

"அனுமதியில்லாம தெரிஞ்சுக்கிட்டது செல்லாதும்மா."

ஆனாலும் கத்திரி ஈவிரக்கம் உள்ளவர். துறையை உடனே மூடாமல், செடிகள் சாவதற்கு ஒரு வாரம் அவகாசம் கொடுத்தார். துறையில் யாருக்கும் கை வராததால், வயலுக்குப் போகும் தண்ணீரை அரசாங்கமே நிறுத்தி உதவி செய்தது. செடிகள் விதிமுறைப்படி செத்தன. செத்த பிறகு கிழங்கு விளையவில்லை. ஆய்வு மகத்தான வெற்றி என அறிவிக்கப்பட்டு, கத்திரிக்குப் பதவி உயர்வும் கிடைத்தது. மருந்தை அலமாரியில் வைத்துப் பூட்டி முத்திரை வைத்துவிட்டார்கள்.

பேராசிரியை சும்மா இருக்கவில்லை. வீடு வீடாக ஏறி இறங்கி, "மருந்து இருக்குங்க, நீங்க எல்லாரும் சேர்ந்து கேட்டா திறந்து குடுப்பாங்க" என்று கெஞ்சினார். என் வீட்டுக்கும் வந்தார். "அரசாங்கம் அப்படி எதுவும் சொல்லலையேம்மா" என்று தண்ணீர் கொடுத்து அனுப்பிவைத்தேன்.

அடுத்த மாதம் கடைகளில் உருளைக்கிழங்கை ஒவ்வொன்றாக எண்ணி விற்றார்கள். எங்களுக்கு வந்ததே கோபம்! தெருவே திரண்டு அரசாங்கத்துக்கு ஒரு மனு எழுதினோம்: 'கோடி கோடியாகக் கொட்டியும் ஒரு கிழங்கைக் காப்பாற்றத் துப்பில்லாத பல்கலைக்கழகத்துக்கு இனி சல்லிக்காசு கொடுக்கக் கூடாது.'

மற்றவர்கள் கிறுக்கிவிட்டுப் போனார்கள். நான் நிறுத்தி நிதானமாக, முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.