அடுத்த வீட்டுப் புகைபோக்கி நிபுணர்

அமெரிக்காவின் வெர்மான்ட் மலைப்பக்கத்து ஊர்களில் இலை உதிரத் தொடங்கியதும் வெளிப்பட்டு உலாவும் ஒரு ஜீவன் உண்டு. கரடி என்று நினைத்துவிடாதீர்கள். கரடி அந்த நேரத்தில் குளிர்காலத் தூக்கத்துக்கு இடம் பார்த்துக்கொண்டிருக்கும். யாருக்கும் புத்தி சொல்லாது. நான் சொல்லும் ஜீவனுக்குக் கட்டம் போட்ட கம்பளிச் சட்டை, இடுப்பில் கரகரவென்று பேசும் ரேடியோ, கையில் ஆறிப்போன காப்பி. தன் பாட்டுக்கு நடந்து போகிறவர் திடீரென்று உங்கள் வீட்டு வாசலில் நிற்பார், அண்ணாந்து பார்ப்பார், உங்கள் கூரைக்கு மேலே போகும் புகையைக் கண்ணைச் சுருக்கி அளப்பார், நாடி பிடித்த வைத்தியரைப் போல உதட்டைப் பிதுக்குவார். அவ்வளவுதான். நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள்.

"புகை தடிப்பா வருதே. விறகு எப்ப வெட்டினது?"

"போன வருஷம்."

"போன வருஷமா? சரியாப் போச்சு. ரெண்டு கோடை காயாத விறகை எரிக்கிறதும் குழாய்க்குள்ள தாரை ஊத்தி வைக்கிறதும் ஒண்ணுதான். உங்க நல்லதுக்குச் சொல்றேன், அப்புறம் உங்க இஷ்டம்."

பிறகு பாடம் தொடங்கும். காயாத விறகின் புகை குழாயின் உட்சுவரில் கறுப்புப் பிசினாகப் படியும், பிசின் மேல் பிசின் ஏறிக் குழாயின் கழுத்தை நெரிக்கும், நெரித்த பிசின் ஒரு நாள் தானே பற்றிக்கொள்ளும், பற்றினால் அது அடுப்புத் தீ அல்ல, வீட்டுத் தீ. துணி உலர்த்தும் டிரையரையும் விடமாட்டார். அதன் பின்குழாயில் சேரும் நூல்பஞ்சு ஒரு பொறி பட்டால் போதும் என்பார், கரண்டு பில் ஏறுவதும் அதனால்தான் என்பார், வெளிவாயில் குருவி கூடு கட்டியிருக்கிறதா என்று குனிந்து பார்க்கச் சொல்வார். நீங்கள் குனிவீர்கள். வேறு வழி? இந்த இனத்தின் பெரிய தொல்லையே அவர் சொல்வது ஒவ்வொன்றும் சரியாக இருப்பதுதான்.

எங்கள் ஊரில் இந்த இனத்துக்குப் பெயர் வெண்டல் லபார்ஜ். சம்பளத் தீயணைப்புக்காரர்கள் இங்கே கிடையாது. மாடு வளர்ப்பவர், பள்ளிப் பேருந்து ஓட்டுபவர், குழாய் ரிப்பேர்காரர், என்னைப் போல மளிகைக்கடை வைத்திருப்பவன் என்று கொஞ்சம் பேர். ரேடியோ கத்தினால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டுத் தீயணைப்புக் கொட்டகைக்கு ஓடி, வண்டியை எடுத்துக்கொண்டு போவோம். இந்தப் படையில் மூத்தவர் வெண்டல். ஆண்டுதோறும் கொட்டகையில் நாங்கள் நடத்தும் பான்கேக் விருந்தில் அவருடைய சொற்பொழிவு உண்டு. எவர் வீட்டிலோ கழற்றிய, உள்ளே கறுப்பாக அடைத்துப்போன ஒரு குழாய்த் துண்டைக் குழந்தையைத் தூக்கிக்காட்டுவது போலத் தூக்கிக்காட்டுவார். ஜனங்கள் மேப்பிள் பாகை ஊற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். முடிவில் வீட்டுக்கு ஒன்றாகப் புகை எச்சரிக்கை மணியை இலவசமாகக் கொடுத்து, பேட்டரி மாற்ற மறக்காதீர்கள் என்று கைகூப்பாத குறையாகக் கேட்டுக்கொள்வார்.

இனி அவர் வீட்டுக்குள் போய்ப் பார்ப்போமா? தாராளமாக வாருங்கள். எவ்வளவு புகைந்தாலும் அங்கே மணி அடிக்காது, ஏனென்றால் அதில் பேட்டரி இல்லை. காலையில் பன்றிக்கறி வறுக்கும்போதெல்லாம் அது அலறித் தொலைக்கிறது என்று கழற்றி, டிவி ரிமோட்டில் போட்டுவிட்டார். அவர் மனைவி அர்லீன், பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்ப்பவர், இதைப் பற்றிக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போனார்.

டிரையர் விஷயத்தை அர்லீனே என் கடையில் சொன்னார். துணி ஒரு தரம் ஓடி முடிந்தும் காயவில்லை, இன்னொரு தரம் போட வேண்டியிருந்தது.

"வெண்டல், பின்னாடி குழாய் அடைச்சிருக்குன்னு நினைக்கிறேன். கொஞ்சம் கழட்டிப் பாரேன்."

"குழாய் இல்ல அர்லீன். நீ வாங்கற துண்டு கனம்."

மெல்லிய துண்டு வாங்கினார். அதுவும் காயவில்லை. காற்றில் ஈரம் என்றார் வெண்டல். கடைசியில் ஒரு நாள் ரோஷம் வந்து, இலைச் சருகை ஊதித் தள்ளும் இயந்திரத்தை எடுத்துக்கொண்டு போனார். உள்ளேயிருந்து வெளியே ஊத வேண்டும் என்று அவரே எல்லாருக்கும் சொல்லிக்கொடுப்பவர். ஆனால் வெளியே நிற்பது சௌகரியமாக இருந்தது. வெளியிலிருந்து உள்ளே ஊதினார். பல வருடத்துப் பஞ்சு மொத்தமும் துவைக்கும் அறைக்குள் பாய்ந்து, சுவர், கூரை, மடித்து வைத்த துணி, அங்கே படுத்திருந்த பூனை எல்லாவற்றையும் ஒரே நிறமாக்கிவிட்டது. பூனை அதற்குப் பிறகு அந்த அறைப்பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அந்த வாரக் கூட்டத்தில் வெண்டல் எங்களிடம் சொன்னது: "எங்க வீட்டு டிரையர் குழாயை நான் தவறாம ஊதி விட்டுடறேன். நீங்கள்லாம் செய்யறீங்களா?"

புகைபோக்கிக்கு வருவோம். பக்கத்து ஊரில் ஜோலின் என்று ஒரு பெண், புகைபோக்கி சுத்தம் செய்வதுதான் தொழில். அவளைக் கூப்பிடலாம் என்று அர்லீன் கோடையிலேயே ஆரம்பித்தார். வெண்டல் சம்மதிப்பாரா? ஜோலினின் வண்டியில் ஆளுயரத்துக்குத் துடைப்பப் படம் வரைந்திருக்கும். "அந்த வண்டி நம்ம வாசல்ல நின்னா ஊர் என்ன நினைக்கும்? நான் நாலு பேருக்குச் சொல்றவன்." தானே ஏறி முடித்துவிடுவதாகச் சொன்னார், வருகிற சனிக்கிழமை. அந்தச் சனிக்கிழமை விறகு அடுக்க வேண்டியிருந்தது. அவருடைய விறகு அடுக்கைப் பார்த்திருக்கிறீர்களா? நூல் பிடித்தது போல இருக்கும், தெருவைப் பார்த்த பக்கம் மட்டும். அடுத்த சனிக்கிழமை பக்கத்து வீட்டுக்காரரின் அடுக்கு கோணல் என்று போய் நின்றார். அதற்குள் மான் வேட்டை தொடங்கிவிட்டது. வராத மானுக்காக விடியற்காலை உறைபனியில் மரக்கட்டை மேல் சிலையாக உட்கார முடிந்த மனிதருக்கு, சொந்த வீட்டில் ஓர் ஏணி ஏற நேரம் கிடைக்கவில்லை.

அந்த வருடம் அர்லீனுக்கு அவசரம் இருந்தது. பாஸ்டனில் இருக்கும் மகள் ஹோலி, பிறந்து சில வாரமே ஆன தன் பெண் குழந்தையோடு, நவம்பர் கடைசியில் ஊரே வான்கோழி விருந்து வைக்கும் நன்றித் திருநாளுக்கு வருகிறாள். மாடி அறையில் தொட்டிக் கட்டில் போட்டார்கள், வீட்டிலேயே கதகதப்பான சுவரை ஒட்டி. அது ஏன் கதகதப்பு? புகைபோக்கி அந்தச் சுவருக்குப் பின்னால்தான் மேலே போகிறது.

"எனக்கு என்னவோ பயமா இருக்கு வெண்டல். குழந்தை படுக்கிற இடம். நீ ஏறலைன்னா அந்தப் பொண்ணைக் கூப்பிட்டுடறேன்."

"இந்த ஊர்ல புகைபோக்கி பத்தி என்னைவிடத் தெரிஞ்சவன் யாரு? பேசாம வான்கோழியைப் பாரு."

நன்றித் திருநாளன்று மதியம் அர்லீன் மசியலுக்கு உருளைக்கிழங்கு உரித்தார். தோல் ஒரு பெரிய கிண்ணம் நிறையச் சேர்ந்தது. கனன்று எரியும் அடுப்பில் உருளைத் தோலைப் போட்டால் அதன் ஆவி குழாய்ப் பிசினை உதிர்த்துவிடும் என்று இந்தப் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. மேடையில் வெண்டல் அதைக் கேலி செய்வார். கேட்பவர்கள் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். ஆனால் வீட்டில் மேடை கிடையாதே. ஏணியும் ஏற வேண்டாம், ஜோலினும் வர வேண்டாம், அர்லீனின் வாயும் அடைபடும். கணப்பு அடுப்பில் விறகைத் திணித்து, காற்றுக் கதவை முழுசாகத் திறந்து, தோலைக் கொட்டினார்.

கொஞ்ச நேரத்தில் குழாய் உறுமியது. பிறகு அதிர்ந்தது.

"அப்பா, அது என்ன சத்தம்?" என்றாள் ஹோலி.

"காத்து."

அர்லீன் சன்னலைப் பார்த்தார். முற்றத்துப் பனியில் மேலேயிருந்து தீப்பொறி விழுந்துகொண்டிருந்தது. "ஹோலி, குழந்தையை எடுத்துட்டு வா. வெண்டல், போன் பண்ணு."

வெண்டல் காற்றுக் கதவை மூடினார். அதுவரை சரி. ஆனால் போனைத் தொடவில்லை. ஏன் என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இங்கே தீ என்று போன் செய்தால், எந்தத் தெரு, யார் வீடு, என்ன தீ என்பதை ரேடியோவில் வாசிப்பார்கள். அதைக் கேட்கும் பெட்டி படையில் இல்லாதவர்கள் வீட்டுச் சமையலறையிலும் ரொட்டி டப்பாவுக்குப் பக்கத்தில் நாள் முழுவதும் முணுமுணுத்துக்கொண்டிருக்கும். எங்களுக்கு அதுதான் பொழுதுபோக்கு. அதிலும் அன்றைக்கு மாவட்டமே குடும்பத்தோடு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கிறது. வெண்டல் லபார்ஜ் வீட்டுப் புகைபோக்கியில் தீ என்பதை வான்கோழியோடு சேர்த்துப் பரிமாறுவதா?

"கொஞ்சம் பொறு. தானா அடங்கிடும். ரோலண்டைத் தனியா கூப்பிடறேன். ரேடியோவுல போக வேண்டாம்."

ரோலண்ட் எங்கள் படைத் தலைவர். அவர் வான்கோழி அறுத்துக்கொண்டிருந்தார்; போனை எடுக்கவில்லை. வெண்டல் மறுபடி அவருக்கே அடித்தார். தலைக்கு மேலே வீடு எரிகிறது, மாடியில் பேத்தி, இவர் மானத்துக்கு மறைப்புத் தேடுகிறார். அர்லீன் தன் போனை எடுத்து அவசர எண்ணை அழுத்தினார்.

அடுத்த நிமிடம் வெண்டலின் இடுப்பிலிருந்தே செய்தி வந்தது. "ஹெம்லாக் சாலை. லபார்ஜ் வீடு. புகைபோக்கித் தீ."

இத்தனை வருடமாக அந்தக் குரல் கேட்டதும் அவர் கால்கள் என்ன செய்து பழகியிருக்கின்றனவோ அதைத்தான் இப்போதும் செய்தன. கோட்டை மாட்டினார், கதவைத் திறந்தார், வண்டியில் பாய்ந்தார், மேலே சிவப்பு விளக்கைச் சுழலவிட்டுக்கொண்டு தீயணைப்புக் கொட்டகையை நோக்கிப் பறந்தார். மனைவி உள்ளே, மகள் மாடிப்படியில், குழந்தை அவள் கையில்.

கொட்டகையில் தீயணைப்பு வண்டியில் என் பக்கத்தில்தான் ஏறி உட்கார்ந்தார். யார் வீடு என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். போய்ச் சேர்ந்தபோது அர்லீனும் ஹோலியும் தபால் பெட்டி ஓரமாகப் பனியில், செருப்புக்கூட இல்லாமல் காலுறையோடு நின்றார்கள். குழந்தையை மேசைவிரிப்பில் சுற்றியிருந்தார்கள். அகப்பட்டது அதுதான் போலிருக்கிறது. இந்த மாதிரித் தீக்குப் போனால் முதலில் இறங்குபவர் வீட்டாரிடம் இரண்டு கேள்வி கேட்க வேண்டும் என்பது எங்கள் முறை. முதலில் இறங்கியவர் வெண்டல். தலைக்கவசத்தைச் சரிசெய்துகொண்டு நேராக அவர்களிடம் நடந்தார்.

"எல்லாரும் வெளிய வந்துட்டீங்களா மேடம்? புகைபோக்கியைக் கடைசியா எப்பச் சுத்தம் பண்ணினீங்க?"

அர்லீன் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"அதெல்லாம் என் வீட்டுக்காரருக்குத்தான் தெரியும் சார். எங்களை உள்ள விட்டுட்டு இப்பதான் அவசரமா எங்கயோ வண்டியில போனார். வழியில பார்த்தா கேட்டுச் சொல்லுங்க."

வேறொரு நாளாக இருந்தால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். ஆனால் அதற்குள் ரோலண்ட் மாடிச் சுவரில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, கோடாலி கொண்டுவரச் சொல்லிக் கத்தினார். மரச் சுவரைப் பிளந்தோம். உள்ளே கட்டை கனிந்து புகைந்துகொண்டிருந்தது, தொட்டிக் கட்டிலின் தலைமாட்டுக்கு நேர் பின்னால். இரண்டு பேர் கூரையேறித் தீயணைக்கும் பொடிப் பைகளைக் குழாய்க்குள் போட்டார்கள். நாங்கள் சுவருக்குள் தண்ணீர் அடித்தோம். வீடு தப்பியது. ரோலண்ட் கட்டிலைத் தூக்கிவந்து முற்றத்தில் வைத்தார். தலைப்பக்கத்துப் பலகை பழுப்பேறியிருந்தது. வெண்டல் அதைத் தொட்டுப் பார்த்தார், பிறகு வண்டிப் படியில் உட்கார்ந்து கையுறையால் முகத்தை மூடிக்கொண்டார். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. எனக்குக் கோபம் அதைவிட அதிகமாக இருந்தது. "குழந்தைக்கு ஒண்ணும் இல்ல வெண்டல்" என்று மட்டும் சொன்னேன்.

திருந்தினாரா என்றுதானே கேட்கிறீர்கள்? இப்போது ஜோலினின் வண்டி வருடம் தவறாமல் அந்த வாசலில் நிற்கிறது; அர்லீன் யாரையும் கேட்பதில்லை. ஜோலின் கூரையில் வேலை செய்வாள், வெண்டல் கீழே நின்று துடைப்பத்தை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொண்டிருப்பார். அடுத்த பான்கேக் விருந்திலும் அவர்தான் பேசினார். கையில் புதுக் குழாய்த் துண்டு, இன்னும் கறுப்பாக, இன்னும் அடைத்து. "ஒரு வீட்டுல நடந்ததைச் சொல்றேன் கேளுங்க" என்று ஆரம்பித்தார். அந்த வீட்டுக்காரன் எப்பேர்ப்பட்ட மடையன் என்று அவர் விவரித்தபோது அர்லீன் ஒருவர்தான் கை தட்டினார்.

உங்களுக்குப் புகைபோக்கியும் இல்லை, பனியும் இல்லை, நிம்மதியாகச் சிரித்திருப்பீர்கள். உங்கள் அடுப்புக்கு மேலே புகை உறிஞ்சும் பெட்டியில் எண்ணெய் வழிவதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கப்போவதில்லை. இதைப் படிக்கும்போது உங்கள் மனத்தில் ஒருவர் முகம் வந்ததல்லவா? மைத்துனரோ, மாடி வீட்டுக்காரரோ, ஆபீஸ் மேனேஜரோ. அச்சு அசலாக அவரேதான் என்று தோன்றியிருக்கும், அவருக்கு இதை உடனே அனுப்ப வேண்டும் என்று கை துறுதுறுத்திருக்கும். அனுப்புங்கள். ஆனால் முதலில் உங்கள் போனைப் பாருங்கள். அவர் ஏற்கெனவே உங்களுக்கு அனுப்பியிருக்கலாம்.